பொத்தானை அழுத்தாத பதினோரு நிமிடம்

1

இப்போதெல்லாம் யாரும் யாரையும் நேரில் பார்த்து எதையும் கேட்பதில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டுக் கதவைத் தட்டாமல், "வெளிய நிக்கிறேன்" என்று போனில் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத எவனோ கூப்பிட்டுப் பிறந்த தேதி கேட்டால் ஒப்பிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் "எங்க கிளம்பிட்டீங்க?" என்றால் முறைக்கிறார்கள். யாரிடம் எதைச் சொல்வது என்ற விவஸ்தை போய்விட்டது.

அது கிடக்கட்டும். கதைக்கு வருகிறேன்.

இது நான் உட்கார்ந்து யோசித்த கதை இல்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் என் மருமகள் வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றியவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்ற மறந்துவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"மாமா, இன்னைக்குப் பதினோரு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன்."

"ஆபீஸ்னா அதானே வேலை."

"விளையாடாதீங்க. அந்தப் பதினோரு நிமிஷத்தால வேலை போயிடும் போல இருக்கு."

இவ்வளவுதான் என் கையில் இருந்த சரக்கு. நான் ஏழாவது வரை படித்தவன். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவன். சரக்குச் சீட்டில் நாற்பது மூட்டை என்று இருக்கும், வண்டியில் முப்பத்தெட்டு கிடக்கும். அதனால் எழுதி வைத்த எதையும் நான் நம்புவதில்லை. நான் எழுதுவதை நீங்களும் அப்படியே நம்ப வேண்டாம். எண்ணிப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பதினெட்டு வருஷம் அவள் நர்ஸாக இருந்தாள். வெள்ளை உடையில் தேவதையைப் போல வார்டுக்குள்"

தேவதையாம். முதுகெலும்பு நழுவிய தேவதையை யார் பார்த்தார்கள்? விட்டுவிட்டேன்.

இரண்டாவது: "கம்ப்யூட்டர்த் திருடர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலே" இது பள்ளிக்கூடக் கட்டுரை. இதையும் விட்டேன்.

மூன்றாவது: "கனத்த நோயாளி ஒருவரைத் தூக்கி உட்கார வைத்தபோது அவள் முதுகில் ஏதோ பட்டென்று விட்டது." நடந்தது இதுதான். இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

இனிமேல் ஆளைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆளைத் தூக்காத நர்ஸுக்கு வார்டில் என்ன வேலை? நாற்பத்தொரு வயதில் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்தாள். கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போனான். அந்த இரண்டு தடவையும் தட்டு வைக்க மேசையில் இடம் இல்லை. இரண்டு வருஷத்தில் பரீட்சை எழுதித் தேறினாள். சைபர் செக்யூரிட்டியாம். அடுத்தவன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடன் புகாமல் இவர்கள் தங்கள் ஆபீசில் உட்கார்ந்தபடியே காவல் காப்பார்களாம்.

"வாட்ச்மேன் வேலைனு சொல்லு."

"அப்படியே வச்சுக்கோங்க மாமா."

"நீ ஒரு திருடனையாவது பாத்திருக்கியா?"

"இல்ல."

"பாக்காத திருடனுக்கு இத்தனை காவலா?"

"கிருமிய மட்டும் கண்ணால பாத்தேனா? பதினெட்டு வருஷம் கை கழுவலையா?"

(அப்போது ஏதோ பதில் சொன்னதாக எழுதி வைத்திருந்தேன். பொய். ஒன்றும் சொல்லவில்லை.)

ஒரு கம்பெனி அவளைச் சேர்த்துக்கொண்டது. ஆறு மாதம் சோதனைக் காலம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம். அந்த ஆறு மாதம் முடிவது இந்த வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இங்கேயும் கைவிட்டால் நாற்பத்து மூன்று வயதில், நழுவிய முதுகோடு, போக்கிடம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3

அந்த அறையை நான் பார்த்ததில்லை. அவள் சொல்லச் சொல்ல எனக்குள் ஒன்று கட்டிக்கொண்டேன்.

நீளமான அறை. ஜன்னல்களுக்குத் திரை போட்டிருப்பார்கள். பகல் வெளிச்சம் துணியில் வடிந்து, அரிசி ஊறவைத்த தண்ணீர் மாதிரி மங்கலாகத்தான் உள்ளே வரும். எட்டுக் கம்ப்யூட்டர்த் திரைகள். அவற்றில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும். யாரும் உரக்கப் பேசுவதில்லை. முதல் நாள் உள்ளே நுழைந்ததும் அவளுக்கு, இந்த இடத்துக்கு ஏற்கெனவே வந்திருக்கிறோமே என்று தோன்றியதாம். பிறகுதான் புரிந்தது, தூங்குகிறவர்களைக் காவல் காக்கிற இடம் எல்லாமே இப்படித்தான் இருக்கும்.

மதியத்துக்குமேல் அறை லேசாக மிதக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு கட்டில். இருநூறு கட்டில்கள், முகம் தெரியாத இருநூறு பேர். மூச்சு சீராக இருக்கிறதா என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவாள். காலடிச் சத்தம் கேட்காது. போர்வை விலகியிருந்தால் இழுத்து விடுவாள். யாரோ தூக்கத்தில் முனகுவார்கள். குனிந்து பார்த்தால் அது ஒரு கடையின் ரசீது இயந்திரமாக இருக்கும்.

(இந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். "ரசீது மெஷின் முனகாது மாமா" என்றாள். "போர்வை?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது இருக்கட்டும்" என்றாள்.)

4

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு கம்ப்யூட்டருக்குள் கெட்டது எதுவோ புகுந்துவிட்டது என்று அலாரம் அடித்தால், இரண்டு நிமிடத்துக்குள் திரையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்கும் மற்றவற்றுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். முதலில் அறு, விசாரணை அப்புறம்.

புதன்கிழமை, மணி இரண்டு நாலு. ஒரு சரக்குக் கிடங்கின் கம்ப்யூட்டரில் அலாரம். திரையில் ஒரு எண் மட்டும் இருந்தது. எந்த அறை, என்ன வேலை, ஒரு விவரமும் இல்லை. அவள் கை மவுஸ்மேல் இருந்தது. விரல் இறங்கவில்லை.

வார்டில் பதினெட்டு வருஷம் ஊறிய பழக்கம் அது. ஒரு குழாயைப் பிடுங்குவதற்கு முன்னால் அது எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போய், மறுமுனையில் இருக்கும் ஆளைப் பார்க்க வேண்டும். மணி எவ்வளவு கத்தினாலும் சரி. இங்கே தடவிப் பார்க்கக் குழாய் இல்லை. அதனால் போனை எடுத்தாள்.

கிடங்கில் ஒரு அம்மாள் எடுத்தார்.

"அந்த நம்பர் மெஷின் எங்க இருக்குங்க? அதோட என்ன இணைச்சிருக்கு?"

"தெரியலையேம்மா. எல்லாத்துலயும் சின்னதா ஒரு நம்பர் ஒட்டியிருக்கும். இரு, போய்ப் பாத்துட்டு வரேன்."

போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். மருமகளின் காதுக்குள் அந்தக் கிடங்கு திறந்துகொண்டது. செருப்புச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போயிற்று. எங்கோ ஒரு மின்விசிறி கடக்கடக்கென்று சுற்றியது. ஒரு குருவி உள்ளே மாட்டிக்கொண்டு தகரக் கூரையில் மோதியது. யாரோ ஒரு பாட்டை முணுமுணுத்தார்கள், பாதியில் விட்டார்கள். அவள் கண்ணை மூடவில்லை. ஆனாலும் அந்த நீள வழியில் அவளே நடந்துபோவது மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு கட்டில். அதில் படுத்திருப்பவர் முகம் மட்டும் தெரியவில்லை. தெரிந்துவிட்டால் போதும், அழுத்திவிடலாம். இன்னும் இரண்டு அடி. இன்னும் ஒரு அடி.

அந்த அம்மாள் திரும்பி வந்தபோது மணி இரண்டு பதினைந்து.

இங்கே நான் ஒரு வேலை செய்தேன். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு சரக்குத் தூக்கியை இயக்குகிறது, உச்சியில் ஒரு தொழிலாளி நிற்கிறார், மருமகள் பொறுத்ததால் அவர் உயிர் பிழைத்தார் என்று எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எனக்கே கண் கலங்கியது. மறுநாள் வியாழக்கிழமை, அவள் படித்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"இது பொய் மாமா."

"கதைதானே."

"அது சாப்பாட்டு அறைச் சுவர்ல தொங்குற டிவியோட மெஷின். இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள்னு காட்டுற டிவி. அதுக்குத்தான் பதினோரு நிமிஷம் காத்திருந்தேன். அதுக்குள்ள பக்கத்துல நாலு மெஷினுக்குப் பரவிடுச்சு. சரக்குச் சீட்டு அடிக்கிற மெஷின் எல்லாம். மூணு லாரி அரை நாள் வாசல்லயே நின்னுச்சு."

நின்ற லாரி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வண்டிக்குள் உட்கார முடியாது, வெளியே நிற்க முடியாது. அந்த மூன்று டிரைவர்களும் அன்றைக்கு யாரைத் திட்டினார்களோ, அது என் மருமகள்தான். ஒன்றரைப் பக்கத்தையும் அடித்தேன்.

அடித்ததையும் அவள் விடவில்லை. நான் பேனாவால் கறுப்பாக மெழுகியிருந்தேன். "இப்படி அடிக்கக் கூடாது. வார்டு சார்ட்ல தப்பா எழுதிட்டா ஒத்தைக் கோடுதான் போடணும். அடியில இருக்கற தப்பு படிக்கத் தெரியணும். பக்கத்துல நம்ம கையெழுத்து" என்றாள். நான் விட்ட வரிகள் இந்தக் கதையில் அங்கங்கே பல்லைக் காட்டிக்கொண்டு கிடப்பது அதனால்தான். என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

5

புதன்கிழமையே அவள் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதியது இதுதான்: இரண்டு நாலுக்கு அலாரம் பார்த்தேன். அழுத்தவில்லை. மறுமுனையில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் போன் செய்தேன். இரண்டு பதினைந்துக்கு அழுத்தினேன். முடிவு என்னுடையது.

அவளுக்கு மேலே டீம் லீடர் ஒருவர். முப்பது வயது இருக்கும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம்.

"அக்கா, என்னக்கா இப்படி எழுதியிருக்கீங்க? இது கஸ்டமர் கைக்குப் போகும். அலாரமே ரெண்டு பதினாலுக்குத்தான் வந்துச்சுன்னு போடுவோம். சாஃப்ட்வேர் லேட்டு, நம்ம மேல ஒண்ணும் இல்ல. நான் டைப் அடிச்சுக் கொண்டு வரேன். வெள்ளிக்கிழமை மீட்டிங்ல நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அடுத்த நிமிஷம் நிரந்தரம்."

"போடலைன்னா?"

"விதிய மீறினவங்கள எப்படிக்கா வச்சுக்கச் சொல்லி நான் கேக்க முடியும்?"

திருட்டைப் பிடிக்க ஆள் வைத்திருக்கும் கம்பெனி, தன் கடிகாரத்தைத் தானே திருத்துகிறது. நான் யாரையும் நம்பாதது ஏன் என்று இப்போது புரிகிறதா? ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் நான் அவளிடம் சொன்னது வேறு.

"போட்டுடு."

"மாமா!"

"என்ன மாமா? நான் போடாத கையெழுத்தா? கொறஞ்ச மூட்டைக்குப் போட்டேன், நனைஞ்ச மூட்டைக்குப் போட்டேன். வானம் இடிஞ்சு விழுந்துச்சா?"

"அந்த டிவிக்குப் பதிலா வேற ஏதாவது இருந்திருந்தா?"

"இல்லையே!"

"இல்லைங்கிறது எனக்கு ரெண்டு பதினஞ்சுக்குத்தானே தெரியும்? நான் பொறுத்தது தப்பாவே இருக்கட்டும். அது எழுத்துல இருந்தாத்தான் நாளைக்கு ஒருத்தர் அந்த நம்பருக்குப் பக்கத்துல 'டிவி'னு எழுதி வைப்பாங்க. அலாரம் லேட்டுனு போட்டா அலாரத்தைத்தான் ரிப்பேர் பண்ணுவாங்க. அடுத்த தடவையும் யாரோ ஒருத்தி இருட்டுல கையை நீட்டிக்கிட்டு உக்காந்திருப்பா."

"வியாக்கியானம் நல்லாத்தான் இருக்கு. கப்பல் சம்பளம் மட்டும் வீட்டுக்குப் போதுமா?"

அவள் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "உங்க கதையில வேணா போட வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

6

சவாலாக எடுத்துக்கொண்டேன். இப்போது வெள்ளிக்கிழமை மதியம். மீட்டிங் நடந்துகொண்டிருக்கிறது. நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தாள் என்னுடையது, பேனா என்னுடையது. போட வைத்துவிட்டால் தீர்ந்தது.

"கண்ணாடி அறை. டீம் லீடர் தாளை நகர்த்தினார். அவள் பேனாவை எடுத்து"

மறுபடியும். "தாளைப் படித்தாள். வீட்டை நினைத்தாள். பேனாவை எடுத்து, இரண்டு பதினாலு என்று டைப் அடித்திருந்த இடத்தில் ஒற்றைக் கோடு"

இதை நான் எழுதவில்லை. கை தானாகப் போய்விட்டது. மறுபடியும்.

"கண்ணாடி அறை இல்லை. நீளமான வழி. இரண்டு பக்கமும் கட்டில்கள். கடைசிக் கட்டிலில் டீம் லீடர் குழந்தை மாதிரி தூங்குகிறார். அவள் அவர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறாள். கையெழுத்துப் போடச் சொல்லி யாரோ வெகுதூரத்திலிருந்து கத்துகிறார்கள். அது என் குரல். அவள் திரும்பி, உதட்டில் விரல் வைத்து"

போதும்.

இரண்டு வருஷம் இதே மேசையில் பரீட்சைக்குப் படித்தவளை இதே மேசையில் என்னால் ஒரு கையெழுத்துப் போட வைக்க முடியவில்லை. நான்கு தடவை பார்த்தேன். (நான்காவதை எழுதக்கூட இல்லை.)

அதனால் முடிவை உங்களிடம் தள்ளுகிறேன். அவளை வேலையில் வைத்துக்கொண்டார்கள் என்று நீங்கள் எழுதினால், நான் நம்ப மாட்டேன். உண்மை எழுதினதற்காக ஒரு ஆளை வைத்துக்கொண்ட கம்பெனியை முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினால், அதையும் படிக்க எனக்குத் தெம்பு இல்லை. கையெழுத்துப் போட்டாள் என்று எழுதிப் பாருங்கள். முடிந்தால் சொல்லி அனுப்புங்கள்.

போன் அடிக்கிறது. அவள்தான். திரையில் அவள் படம் சிரிக்கிறது.

நான் எடுக்கப் போவதில்லை. எதுவானாலும் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். நோட்டை மூடாமல் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடக்கப் போகிறேன். அவள் செய்தது சரி என்று ஊரே சொன்னாலும், மூன்று லாரி அரை நாள் நின்றது நின்றதுதான்.