மதகு அறையில் ஒரு வானவெடி

வெம்பக்கோட்டை அணையின் மதகு அறையில் லட்சுமிகாந்தம் அம்மாள் அடைபட்டிருந்தார். பறவை பார்க்க வந்த அவரை விடியலில் இறக்கிவிட்ட ஆட்டோ திரும்பிய சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரையின் கரிசல் மண் குழைந்து, வந்த பாதை சகதியாகிவிட்டது.

தண்ணீருக்கு அப்பால், மழைத்திரைக்குப் பின்னே, சில சாம்பல் உருவங்கள் அசைந்தன. பட்டைத்தலை வாத்துகளாக இருக்கலாம். ஆனால் பின்தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளைத் தம் கண்ணால் காணாதவரை அப்படிச் சொல்ல அவர் உடன்படமாட்டார். காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவர். பல ஆண்டுகள் வறண்டு கிடந்த அணை இந்த மார்கழியில்தான் நிறைந்திருந்தது. அடுத்த மார்கழிக்கு யார் உத்தரவாதம்?

அறையில் அவருக்குத் துணையாக வாய்த்தவன் மாரீஸ்வரன். பட்டாசுக் கம்பெனியில் புது வெடிகளை வெடித்துப் பார்ப்பது அவன் வேலை. பாலித்தீனில் சுற்றிய வானவெடியை மடியில் வைத்திருந்தான்.

"மழை விட்டதும் விட்டுப் பாத்துட்டுப் போயிருவேம்மா. ஒண்ணே ஒண்ணுதான்."

"அந்த ஒன்றுக்கே அத்தனை பறவையும் எழுந்து போய்விடும். வேறிடம் பார்."

"எங்க பாக்கச் சொல்றீக? சுத்திலும் சகதி. இங்கன வாசல்ல இருக்க கல்லுமேடைதான் சமமா இருக்கு. கம்பெனி மொதலாளி அண்ணாச்சி போனைக் காதுல வச்சுக்கிட்டே சத்தம் கேப்பாக."

மழை நின்றால்தான் பட்டைகள் தெரியும். மழை நின்றால் வெடியும் வெடிக்கும்.

"ஒரு வழி இருக்கும்மா" என்றான் அவன். "வெடி நமத்துப் போச்சுன்னு நீங்க போன்ல சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாக. போன மாசம் அப்படிச் சொல்லிட்டுச் சடங்கு வீட்டுக்குச் சாப்பிடப் போயி, பந்தியில அவுககிட்டயே மாட்டிக்கிட்டேன்."

"நான் பொய் சொல்வதில்லை."

"அப்ப வாத்தைப் பாத்தாப்புலதான்!"

மழை தளர்ந்தது. கைப்பேசி ஒலித்தது. "விட்டுருச்சு அண்ணாச்சி, இந்தா வச்சிர்றேன்" என்று சொல்லிக்கொண்டே, வெடியை அறையில் வைத்துவிட்டு, மேடையைத் துண்டால் துடைக்க வெளியே போனான்.

லட்சுமிகாந்தம் அம்மாள் எழுந்தார். பாலித்தீனைப் பிரித்தார். கூரையிலிருந்து இன்னும் ஒழுகிக்கொண்டிருந்த நீருக்குக் கீழே வெடியைப் பிடித்தார். காகிதம் ஊறித் திரி துவளும்வரை கையை எடுக்கவில்லை. பாலித்தீனை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தபின், திரும்பி வந்த அவனிடம் கைப்பேசிக்காகக் கை நீட்டினார்.

"வெடி நனைந்துவிட்டது. நானே பார்த்தேன். இவர்மீது தவறில்லை."

மறுமுனையில் அண்ணாச்சியின் குரல் கேட்டது. "நீங்க சொன்னாச் சரிதாம்மா. வேன்ல ஒரு பெட்டியே குடுத்து விடுறேன். அவனை அங்கனயே இருக்கச் சொல்லுங்க."

மாரீஸ்வரன் வெடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒண்ணாப் போக வேண்டியதைப் பெட்டியா ஆக்கிட்டீகளேம்மா!"

மழைத்திரை விலகியிருந்தது. அவர் தொலைநோக்கியை உயர்த்தினார். ஒரு வாத்து தலையைத் திருப்பியது: வெண்மையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். ஐயத்துக்கு இடமே இல்லை. இனி வெறும் சாம்பல் உருவங்கள் என்று தம்மைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை.

தொலைநோக்கியைத் தண்ணீரிலிருந்து பாதைக்குத் திருப்பினார்.

"அந்த வேன் சகதியில் மாட்டிக்கொள்ளுமா?"

"டிரைவரு வெள்ளைத்துரைதாம்மா. எம்புட்டுச் சகதினாலும் வந்துருவாப்புல."

லட்சுமிகாந்தம் அம்மாள் வானத்தை அண்ணாந்து பார்த்தார். அது வெளுத்துக்கொண்டு வந்தது.