வால் முன்னால் வரும்

மறைமலை நகரில் ஒரு மீட்டர் கம்பெனி. கங்கா அங்கே இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தாள். அவள் சரிபார்த்து அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் பதினேழு என்ற அவளுடைய முத்திரை விழும். தொண்ணூற்றொன்று செப்டம்பரில் அதே முத்திரையை ஒரு தாளில் குத்தி, ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டினாள்.

வியாழக்கிழமை. விடியற்காலை நான்கு ஐம்பது. கிழக்கே, தைலமரத் தோப்புக்கு மேல். வால்நட்சத்திரம். வெறும் கண்ணால் பார்க்கலாம்.

லைன் சூப்பர்வைசர் கோதண்டம் நின்று படித்தார்.

"முத்திரை கம்பெனி சரக்குக்கும்மா. வானத்துக்கு இல்ல. தெக்க தெரியாதுன்னு பேப்பர்லயே போட்டுக்கிறான்."

"அவன் டெல்லிக்குக் கணக்குப் போட்டுக்கிறான் சார். அங்க வானம் சாஞ்சு எழும்பும். நமக்குக் கிட்டத்தட்ட நேரா எழும்பும். சூரியனாண்ட இருக்கிறது நமக்குத்தான் உசரமா தெரியும்."

"தெரியலன்னா?"

"தெரியும்."

"தெரியலன்னா முத்திரைய என் டேபிள்ல வச்சிட்டு பேக்கிங்குக்குப் போயிடு."

"சரி சார்."

அந்த முத்திரை கிடைப்பதற்குமுன் அவள் ஆறு வருடம் பேக்கிங்கில் இருந்தாள்.

தூக்குக்குண்டும் கோணமானியும் வைத்து ஒரு வாரம் அளந்திருந்தாள். சூரியன் எழும் இடம், தோப்பின் உயரம். நேரத்துக்கு ரேடியோ. பேப்பரில் வந்த டெல்லிக் கணக்கை இந்த ஊருக்கு மாற்றி மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் ஒரே விடை.

வியாழக்கிழமை முதல் ஷிப்ட் ஆட்கள் நாற்பது பேரும் பஸ்ஸுக்கு முன்பே வந்துவிட்டார்கள். கோதண்டமும் வந்தார். எல்லோரும் தோப்பைப் பார்த்து நின்றார்கள். தோப்புக்கு மேல் ஒன்றும் இல்லை.

"இன்னா கங்கா, இன்னும் பஞ்ச் பண்ணலியா உன் ஆளு?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"இன்னிக்கு லீவு போட்டுக்கும்பா."

"இன்னும் நேரம் கீது," என்றாள் கங்கா.

"எங்கடி கீது?" பேக்கிங் கிளியம்மாள் கையை நீட்டினாள். அவள் கைக்கடிகாரத்தில் நான்கு ஐம்பத்திரண்டு.

கங்கா தன்னுடையதைப் பார்த்தாள். நான்கு நாற்பத்திரண்டு.

அப்போதுதான் புரிந்தது. ஆட்கள் தாமதமாக வரக்கூடாது என்று கம்பெனி கேட்டில் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் அத்தனை கைக்கடிகாரமும் அந்த நேரம்தான். அவளுடையதும் போன வாரம்வரை அந்த நேரம்தான். கணக்குக்காக ரேடியோவைக் கேட்டுச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தாள். தாளில் அதை எழுதவில்லை.

சொன்னாள். சிரித்தார்கள்.

"இன்ஸ்பெக்டரம்மா கடியாரத்த செக் பண்ணல," என்றார் கோதண்டம்.

"தப்பு என்னுது சார். எந்தக் கடியாரம்னு எழுதல. கணக்கு தப்பில்ல."

எட்டு நிமிடத்தில் பஸ் வந்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில் தோப்பே மறைந்தது. ஆட்கள் படியில் கால் வைத்தார்கள். கங்கா பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாம்சண்ணே, லைட்ட அணைங்க. கொஞ்ச நேரம்."

டிரைவர் சாம்சன் தலையை வெளியே நீட்டினான். "கேட்டுல லேட்டானா எல்லாருக்கும் மெமோம்மா. சூப்பர்வைசர் சொல்லட்டும்."

கோதண்டம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கிளியம்மாள் படியிலிருந்து இறங்கினாள். "நான் ஏறல. மெமோ வந்தா வரட்டும். இவ பாஸ் பண்ணி ஒரு பெட்டி திரும்பி வந்துக்குதா?"

பின்னால் இரண்டு பேர் இறங்கினார்கள். பிறகு மற்றவர்கள்.

"அணைடா," என்றார் கோதண்டம்.

விளக்கு அணைந்தது. இன்ஜினும் நின்றது. கண் இருட்டுக்குப் பழக நேரம் எடுத்தது.

தோப்புக்கு மேல் வெளுப்பாக ஒரு கோடு நின்றது.

"மேகம்டி அது."

"மேகம் இல்லக்கா. வால். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கினு இருக்கும். அதான் வால் முன்னால வருது. தல பின்னால வரும்."

கோடு நீண்டது. மர உச்சிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் தலை ஏறியது. சின்ன வெளிச்சம். ஓரம் கலங்கியிருந்தது. மரத்தை விட்டு மேலே வந்து நின்றது. வால் அதன் தலைக்குமேல் நேராக இருந்தது.

சாம்சன் இறங்கி வந்து நின்றான். யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

"டெல்லில இவ்ளோ உசரம் தெரியாதா?" என்றாள் கிளியம்மாள்.

"தெரியாதுக்கா."

"பாவம்."

கிழக்கு வெளுக்கும்வரை நின்றார்கள். முதலில் வால் கரைந்தது. பிறகு தலை. கங்கா கடைசியாக ஏறினாள். கோதண்டம் தன் பக்கத்து சீட்டிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"குந்தும்மா. முத்திரை உன்னாண்டயே இருக்கட்டும்."

"இருக்கும் சார்."

கேட் கடிகாரத்தில் ஆறு எட்டு. டைம் ஆபீஸ் அண்ணாதுரை தாமதப் பதிவேட்டை விரித்தான். வெளியே நின்ற வரிசையை எட்டிப் பார்த்தான்.

"அல்லாருமா? பஸ் ரிப்பேர்னு போட்டுடட்டா சார்? மெமோ வராது."

"பஸ்ஸுக்கு இன்னா? நல்லாத்தான் ஓடுது," என்றான் சாம்சன்.

"வால்நட்சத்திரம்னு போடு," என்றார் கோதண்டம்.

"சார், மேனேஜர் பார்ப்பாரு."

"பாக்கட்டும். என் பேர மொதல்ல எழுது. நாப்பத்தொரு பேருக்கும் அதையே போடு."

அண்ணாதுரை எழுதினான். காரணம் எழுதும் கட்டம் சின்னது. வார்த்தை பக்கத்துக் கட்டத்துக்கும் போனது.