நான்காம் பக்கத்து இடது கை

பெரியவளும் குட்டியும் அக்கா தங்கை. ஒரே ஆஸ்பத்திரியில் இருவருமே ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். விபத்தில் கை முடங்கியவர்களைச் சட்டைப் பொத்தான் போடவும், கரண்டி பிடிக்கவும், மறுபடி வேலைக்குப் போகவும் பழக்குவது தொழில். பெரியவளுக்கு அதில் பத்தொன்பது வருஷம், குட்டிக்கு ஆறு. தங்கையை அந்தப் படிப்பில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். ஆனால் இப்போது நோயாளிகள் அவள் அறைக்குள் தலையை நீட்டி, "சின்ன மேடம் இல்லையா?" என்கிறார்கள். பெரியவள் சிரித்தபடி அடுத்த கதவைக் காட்டுவாள். வயிறு மட்டும் எரியும்.

நஷ்டஈட்டு வழக்குகளில் நிபுணர் சாட்சி சொல்ல இரண்டு நாள் பயிற்சி என்று அறிவிப்பு வந்தது. இருவரும் பெயர் கொடுத்தார்கள். பயிற்சி தந்தவர் ஓய்வு பெற்ற வக்கீல். மேசைகளை ஓரங்கட்டி, ஒரு நாற்காலியைச் சாட்சிக் கூண்டாக்கியிருந்தார்.

முதல் நாள் பெரியவள், கை முடங்கிய ஒரு லாரி டிரைவரைப் பற்றிய அறிக்கையோடு அதில் உட்கார்ந்தாள்.

"இவரால இனிமே லாரி ஓட்டவே முடியாதா?" என்றார் வக்கீல்.

"முடியவே முடியாது."

"ஓட்டச் சொல்லிப் பாத்தீங்களா?"

"இல்ல. ஆனா எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம்."

"அனுபவம் உங்களோடது மேடம். கை அவரோடது."

அறையே சிரித்தது. குட்டியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனாலும் பெரியவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் குட்டியின் முறை. அதற்கு முன்னால் தன் அறிக்கையை நீட்டினாள். "அக்கா, ஒரு பார்வை பாத்துடேன்."

ஒரு தச்சரின் கையைப் பற்றிய அறிக்கை. பிடியின் பலம், உளியை எத்தனை நிமிஷம் பிடிக்க முடிகிறது, எல்லாம் கச்சிதம். நான்காம் பக்கத்தில் மட்டும் வலது கை என்றிருக்க வேண்டிய இடத்தில் இடது கை என்றிருந்தது. பெரியவளின் விரல் அந்த வரியில் நின்றது. பிறகு பக்கத்தைப் புரட்டியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

குட்டி கூண்டில் உட்கார்ந்தாள். வக்கீலின் கண்ணுக்குத் தப்புமா? "மூணாம் பக்கத்துல வலது கை, நாலாம் பக்கத்துல இடது கை. அவருக்கு எத்தனை கையில அடி?"

குட்டி நான்காம் பக்கத்தைப் புரட்டினாள். தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒரு கையிலதான் சார், வலது கை. நாலாம் பக்கத்துல நான் எழுதினது தப்பு."

வக்கீல் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "சாட்சின்னா இப்படி இருக்கணும். குறிச்சுக்கோங்க."

பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் வழுக்கி விழுந்தாலும் வணக்கம் வைத்த மாதிரி ஆகிவிடுகிறதே.

வக்கீல் அதோடு விடவில்லை. "இதை வேற யாராவது படிச்சாங்களா?"

"எங்க அக்கா படிச்சாங்க."

"அப்ப அவங்களையும் கூப்பிடுவோம்."

பெரியவள் போய் உட்கார்ந்தாள்.

"இந்தத் தப்பை நீங்க கவனிக்கலையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். எதிரே குட்டி, 'அக்கா கவனித்திருக்க மாட்டாள்' என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை.

"கவனிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"மாட்டிக்கட்டும்னு இருந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் பேனாவை மூடினார். "பத்து நிமிஷம் கழிச்சு ஆரம்பிப்போம்."

திரும்பும்போது பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஐந்து நிறுத்தம் தாண்டியது.

"நேத்து உன்னப் பாத்துச் சிரிச்சிட்டேன்," என்றாள் குட்டி, ஜன்னலைப் பார்த்தபடி. "எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல. அதான் படிக்கக் குடுத்தேன்."

பெரியவள் கையிலிருந்த டிக்கெட்டை நாலாக மடித்தாள்.

மூன்று மாதம் சரியான பேச்சு இல்லை. அப்புறம் முதல் சம்மன் வந்தது, குட்டியின் பெயருக்கு. கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தாள்.

"கூட வர்றியாக்கா? எனக்கு பயமா இருக்கு."

பெரியவள் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தாள். வயிறு எரியத்தான் செய்தது. விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த எரிச்சலையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள்.