புள்ளி பன்னிரண்டு

மதிய மணி அடித்ததும் அண்ணன் வழக்கம்போல மாடி ஏறி வந்தான். அவளுடைய சாப்பாட்டு டப்பாவின் மூடி இரண்டு வருடமாகவே அவள் கைக்கு மசியாது. விளிம்பில் எங்கோ ஒரு நசுங்கல். அண்ணன் டப்பாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, ஒரே திருகில் திறந்து அவள் முன்னால் வைத்தான்.

"ஊருக்கெல்லாம் இரும்பை எப்படிச் சீவணும்னு எழுதிக் குடுக்கிற இன்ஜினியரம்மா. ஒரு மூடியைத் திறக்க வக்கில்ல."

"அதுக்குத்தானே கீழ லேத் ஓட்ட டர்னர் வெச்சிருக்கோம்."

"வாய் மட்டும் கார்பைடு," என்றான் அண்ணன். அது அவனுடைய பழைய கேலி. வீட்டில் யாரைப் பற்றிப் பேசினாலும் அவர்களை ஏதாவது ஒரு வெட்டுமுனையோடு ஒப்பிட்டுவிடுவான். அவன் தன்னை ஹெச்.எஸ்.எஸ். என்பான்: மெதுவாகத்தான் வெட்டும், ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் சாணை பிடித்துக்கொள்ளலாம். தங்கச்சி கார்பைடு: எவ்வளவு சூடும் தாங்கும், ஒரு தட்டுத் தட்டினால் ஓரம் உதிர்ந்துவிடும்.

சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போதுதான் அதைச் சொன்னான். "அந்த ஷாஃப்ட்ல சீவுற இரும்புச் சுருள் உடைய மாட்டேங்குது. ரிப்பன் மாதிரி நீளமா வருது."

"என்ன ஃபீடுல ஓட்டுறே?"

"தாள்ல இருக்கிறபடிதான்."

அவள் சிரித்துவிட்டாள். அந்த எந்திரக் கூடத்தில் யாரிடம் கேட்டாலும் வரும் பதில் அது. "சரி, ரெண்டு நாள் சமாளிண்ணா. புது முனை வந்துடும்."

"நீ சொன்னா சரி," என்று சொல்லி அண்ணன் படியிறங்கினான்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கூடத்தில் எல்லா லேத்துகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒரு லேத் நின்றால் மாடியில் தெரியாது. எல்லாம் நின்றால், காதில் அடைத்திருந்த பஞ்சை யாரோ பிடுங்கியது போல இருக்கும். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். படியில் பாதி இறங்கியபோது ஃபோர்மேன் எதிரே வந்து, இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தார். "வேண்டாம்மா. நீ பார்க்க வேண்டாம்," என்றார். அப்போதே தெரிந்துவிட்டது.

உடைந்து விழாத சுருள் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. கொக்கியால் அதை இழுத்து எடுக்கக் குனிந்தவனின் வலது மணிக்கட்டில் அது சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது சுற்று. அதற்கு மேல் அவன் உயிர் போனது எப்படி என்று அவளுக்குத் தெரியும், சொல்வதில்லை.

*

அவளுடைய வேலை தாள் எழுதுவது. ஒரு வேலை வந்தால், என்ன உலோகம், அதற்கு என்ன வெட்டுமுனை, என்ன வேகம், ஒரு சுற்றுக்கு முனை எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கீழே அனுப்புவாள். கடைசியாகச் சொன்ன அந்த நகர்வுக்குப் பெயர்தான் ஃபீடு.

அந்த மாதம் ஐம்பது மில்லிமீட்டர் ஷாஃப்டுகளில் ஒரு பெட்டி திரும்பி வந்திருந்தது. மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கிறதாம். கடைசிச் சீவலுக்கென்றே இருக்கிற செர்மெட் முனைகள் கிடங்கில் தீர்ந்துபோயிருந்தன; இரண்டு நாளில் வந்துவிடும். பழைய ஹெச்.எஸ்.எஸ். முனையைத் தீட்டிப் போட்டால் கண்ணாடி மாதிரி வரும், ஆனால் நிமிடத்துக்கு முப்பது மீட்டர் வேகத்தில் ஊர வேண்டும். ஃபோர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மிச்சமிருந்தது முரட்டுச் சீவலுக்கான கார்பைடு முனை ஒன்றுதான்.

கார்பைடு முனையின் மேல் ஒரு சிறு பள்ளம் உண்டு. சீவி வரும் இரும்பு அந்தப் பள்ளத்தின் சுவரில் மோதித் துண்டு துண்டாக உடைந்து விழும். முரட்டு முனைக்குப் பள்ளம் அகலம். சுருள் தடிமனாக இருந்தால்தான் சுவரில் மோதும். ஃபீடைக் குறைத்தால் பரப்பு வழவழப்பாகும், ஆனால் சுருள் மெலிந்து, எதிலும் மோதாமல், நீளமாக ஓடிவிடும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தாள். புள்ளி இருபது மில்லிமீட்டர். பரப்பும் பரவாயில்லாமல் வரும், சுருளும் தட்டுத் தடுமாறியாவது உடையும். அதற்குக் கீழே போகக் கூடாது.

தாளில் புள்ளி பன்னிரண்டு என்று எழுதினாள்.

ஏனென்றால் புள்ளி இருபது என்று எழுதினால் கீழே புள்ளி முப்பத்திரண்டில் ஓட்டுவார்கள். மாடிக்கும் கூடத்துக்கும் நடுவே எழுதப்படாத ஓர் உடன்பாடு அது. தாள் எழுதுகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்பது டர்னர்களின் கட்சி. அதனால் ஃபீடு லீவரை இரண்டு படி ஏற்றி வைப்பார்கள். அவர்கள் ஏற்றுவார்கள் என்று தெரிந்து, தாள் எழுதுகிறவர்கள் இரண்டு படி இறக்கி எழுதுவார்கள். சந்தையில் பேரம் பேசுவது போலத்தான். கேட்டால் இரு தரப்பும் சொல்வது ஒன்றே: தாளில் இருக்கிறபடிதான்.

*

விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு நாள் கூடத்தில் அளந்து, படமெடுத்து, எழுதிக்கொண்டு போனார். அறிக்கையின் நகல் அண்ணி வீட்டுக்கு வந்தது. அண்ணி அதைப் படிக்காமல் அவளிடம் நீட்டினாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி: எந்திரத்தை நிறுத்தாமல் சுருளை அகற்ற முயன்ற தொழிலாளியின் அவசரமே விபத்துக்குக் காரணம்.

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். அண்ணி அண்ணனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகவில்லை. ஆனாலும் தினமும் எடுத்து உதறி மடிப்பாள்.

"வீட்ல ஒரு ஆணி அடிக்கணும்னா அரை நாள் யோசிக்கிற மனுஷன்," என்றாள் அண்ணி. "இங்க அடிக்கவா, அங்க அடிக்கவான்னு பென்சிலால புள்ளி வெச்சு வெச்சுச் சுவரே பொட்டு வெச்ச மாதிரி ஆயிடும். அங்க போய் என்ன அவசரம் அவருக்கு? நீ அங்கதானே இருந்தே. சொல்லு. என்ன அவசரம்?"

"தெரியல அண்ணி," என்றாள் அவள்.

அப்போது அது பொய்யில்லை. அண்ணனும் மற்றவர்களைப் போல லீவரை ஏற்றித்தான் ஓட்டியிருப்பான் என்றே நம்பியிருந்தாள். அப்படியென்றால் சுருள் உடைந்திருக்க வேண்டுமே என்ற கேள்வி மட்டும் பல்லில் சிக்கிய நார் போல நெருடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் கூடத்துக்குப் போனாள். அண்ணனின் லேத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பக்கத்து லேத்துக்காரரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். எந்திரம் நின்றாலும் அவர் வாய் நிற்காது.  அவள் கயிற்றைத் தாண்டித் தலையை நீட்டி ஃபீடு லீவரைப் பார்த்தாள்.

புள்ளி பன்னிரண்டில் இருந்தது.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

"தொட விடுவாங்களா? அன்னைக்கு இருந்தபடியே இருக்கு."

அவள் அன்றைய வேலைச் சீட்டை வாங்கிப் பார்த்தாள். புள்ளி இருபதில் ஒரு ஷாஃப்ட் சீவ இரண்டரை நிமிடம்கூட ஆகாது. புள்ளி பன்னிரண்டில் நான்கு நிமிடம். அண்ணன் முடித்திருந்த எண்ணிக்கை நான்கு நிமிடக் கணக்குக்கும் குறைவு. நடுநடுவே எந்திரத்தை நிறுத்தி நிறுத்திச் சுருளை எடுத்திருக்கிறான்.

"காலையில பூரா நிறுத்தித்தான் எடுத்தார்," என்றார் ரேடியோ. "ஒரு ஷாஃப்டுக்கு மூணு தடவை. ஃபோர்மேன்கூட வந்து, என்ன சட்டம், இன்னைக்கு ஊர்வலமா போயிட்டிருக்கீங்கன்னு கேட்டுட்டுப் போனார். அதுக்கப்புறம்தான் ஒண்ணு ரெண்டு நிறுத்தாம எடுத்தார்."

சட்டம் என்பது கூடத்தில் அண்ணனுடைய பட்டப்பெயர். மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நிற்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"ஏன் இவ்வளவு கம்மில ஓட்டினான்? நீங்க எல்லாரும் ஏத்தித்தானே ஓட்டுவீங்க?"

ரேடியோ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாங்க ஏத்துவோம். அவர் ஏத்துவாரா? நீ மாடிக்கு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அவர்தான் எங்க எல்லாரையும் விட மோசம், மூணு படி ஏத்துவார். நீ வந்ததிலிருந்து தாள்ல என்னவோ அதேதான். கேலி பண்ணுவோம். என் தங்கச்சி கணக்குப் போட்டு எழுதினது, அதுல நான் கை வெச்சா அவளுக்கு என்ன மரியாதைன்னு கேட்பார். அதனாலதான் சட்டம்னு பேரு. உனக்குத் தெரியாதா?"

ஆறு வருடம். மாடிக்கும் கூடத்துக்கும் பதினெட்டுப் படி. தினமும் அவன் ஏறி வந்தான். அவள் ஒரு நாள்கூட இறங்கிப் போய், அவன் என்ன ஃபீடில் ஓட்டுகிறான் என்று பார்த்ததில்லை. தாளில் இருக்கிறபடிதான் என்று அவன் சொன்னபோதெல்லாம் அவள் சிரித்தாள். அந்தக் கூடத்தில் அதை உண்மையாகச் சொன்ன ஒரே ஆள் அவன்.

*

நான்கு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு நியாயங்கள் வரிசை கட்டி வந்தன. நிறுத்தாமல் கையை நீட்டியது அவன்தானே. முனை தீர்ந்துபோனது கிடங்கின் குற்றம். ஊர்வலம் என்று கேலி செய்தது ஃபோர்மேன். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் புள்ளி பன்னிரண்டு என்று எழுதிய கை அவளுடையது. அது யாரையும் சீவச் சொல்லி எழுதிய எண் அல்ல. பேரத்துக்காக எழுதிய எண்.

சொன்னால் அண்ணியை இழக்க வேண்டியிருக்கும். அண்ணனுக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு வீடுதான். சொல்லாவிட்டால் அந்த மூன்றாவது பக்கத்து வரி அப்படியே நிற்கும். ஆணி அடிக்க அரை நாள் யோசித்தவன் அவசரக்காரனாகவே போய்ச் சேர்ந்தவனாவான்.

ஐந்தாம் நாள் மாலை போனாள். அண்ணி கதவைத் திறந்து, "சாப்பிட்டியா?" என்றாள். அதைக் கேட்டதும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத் திரும்பிவிடலாமா என்று தோன்றியது.

"அண்ணன் அவசரப்படல அண்ணி," என்றாள் வாசலில் நின்றபடியே. "கூடத்துலயே மெதுவா ஓட்டினது அவன்தான். நான் எழுதின தாளை நம்பி ஓட்டினான். நான் அதைத் தப்பா எழுதினேன். தெரிஞ்சே தப்பா எழுதினேன்."

பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, பள்ளம், சுருள், இரண்டு படி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அன்னைக்கு மத்தியானம் உன்கிட்ட சொன்னாரா?"

"சொன்னான். சுருள் உடையலன்னு சொன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"ரெண்டு நாள் சமாளின்னேன்."

அண்ணி சுவரைப் பார்த்தாள். பென்சில் புள்ளிகள் இருந்த சுவர். பிறகு, "இதை எழுதிக் குடுப்பியா, அந்த அதிகாரிகிட்ட?" என்றாள்.

"குடுக்கிறேன்."

"குடுத்துட்டு வா. அதுவரைக்கும் இங்க வராதே."

மேலாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "எதுக்கும்மா வம்பை விலை குடுத்து வாங்கறே? முடிஞ்சுபோன விஷயம்," என்றார். நல்ல மனிதர், உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொன்னார். அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். தாள் எழுதுகிறவர்களும் டர்னர்களும் இத்தனை வருடமாக ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டிருப்பதை, யார் பெயரையும் இழுக்காமல், தன் பெயரை மட்டும் போட்டு எழுதியிருந்தாள். அதைத் தபாலில் அனுப்பாமல் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் திருத்திய அறிக்கை வந்தது. அவசரம் என்ற வார்த்தை அதில் இல்லை. பொருந்தாத முனையும் தாளில் குறிக்கப்பட்ட ஃபீடும் காரணம் என்று இருந்தது. அவளுக்குத் தொழிற்சாலையிலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அரைப் பக்கம். அதைவிடப் பெரிதாக ஏதாவது வரும் என்று காத்திருந்தவளுக்கு அந்த அரைப் பக்கம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணி இந்த முறை தானே படித்தாள். படித்துவிட்டு மடித்து, அண்ணனின் சட்டைகளுக்கு நடுவே வைத்தாள்.

"அவர் அவசரப்படல," என்றாள். "அது போதும் எனக்கு. உன்னைப் பத்தி நான் இன்னும் யோசிக்கல. யோசிச்சா சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. அவள் போனால் கதவைத் திறக்கிறாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்பதில்லை.

அவள் இப்போது தாளில் உண்மையான எண்ணைத்தான் எழுதுகிறாள். ஒவ்வொரு தாளின் அடியிலும், இதில் குறைத்து எழுதப்படவில்லை என்று ஒரு வரி சேர்க்கிறாள். தினமும் மதியம் பதினெட்டுப் படியும் இறங்கி, ஒவ்வொரு லேத்தாக நின்று பார்க்கிறாள். போன வாரம் ஒரு புது வேலைக்குப் புள்ளி முப்பது என்று எழுதியிருந்தாள். ரேடியோவிடம் போய், "என்ன ஃபீடுல ஓட்டுறீங்க?" என்று கேட்டாள்.

"தாள்ல இருக்கிறபடிதான்," என்றார் ரேடியோ.

அவள் குனிந்து பார்த்தாள். லீவர் இரண்டு படி மேலே இருந்தது.