தீட்டினவ பேரு

என் வீட்டுக்காரர் முகமது யூசுப்புக்கு அரம் பிடிக்கத் தெரியாது. இதை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு ஏற்காட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கடைவீதியில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. முன்னால் உட்கார்ந்து அவர் ஆணியும் பெயிண்டும் விற்பார். பின்கட்டில் மேஜை போட்டு, எஸ்டேட்டுகளிலிருந்து வரும் மிஷின் ரம்பத்துச் செயின்களுக்கு நான் அரம் போடுவேன். வாங்கிப் போகிறவன், "பாய், உங்க கை கைதானுங்க" என்பான். இவர் தாடியைத் தடவிக்கொண்டு, "எல்லாம் அல்லாஹ் குடுத்தது" என்பார். அல்லாஹ் கொடுத்தது எனக்கு. நோகாமல் நுங்கு தின்றது இவர்.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "பொம்பளை அரம் போட்டதுன்னு தெரிஞ்சா ஒருத்தன் செயின் கொண்டாருவானா, ஜரீனா? தொழிலே படுத்துக்கும்." தொழில் படுத்துவிடக் கூடாதே என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயைத்தான் மூடினேன், வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. இவர் ஒரு தடவை, நாலு பேர் முன்னால், இது இவள் வேலை என்று சொல்ல வேண்டும். எனக்கு நகையும் வேண்டாம், பட்டும் வேண்டாம், அது ஒன்று போதும் என்றிருந்தது.

எண்பத்தேழாம் வருஷம் மாசி மாதம். தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், காப்பிச் செடிக்கு நிழலாக வளர்த்த சில்வர் ஓக் மரங்களில் முற்றியதையெல்லாம் வெட்டச் சொல்லியிருந்தார்கள். பூ மழை விழுவதற்குள் வேலை முடிய வேண்டும். செடி பூத்த பிறகு மேலே மரம் விழுந்தால் அந்த வருஷத்து மகசூலை மறந்துவிட வேண்டியதுதான். வெட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி, கொட்டச்சேடு கிராமத்துச் செல்லப்பன். ஆளைப் பார்த்தால் பயமாக இருக்கும், பேச்சைக் கேட்டால் இருக்காது.

அவர் ஒரு செயினைக் கொண்டுவந்து கடை மேஜையில் போட்டார்.

"இது ராசியில்லாத செயினுங்க பாய். நீலகிரியில ஒரு தோட்டத்துல பழைய மிஷினு வாங்கினாங்க, அதோட வந்துச்சு. மொதல்ல நொம்ப நல்லா அறுத்துச்சுங்க. நாங்க ஒருக்கா அரம் போட்டோம், அதோட சரி. தேய்க்குதே தவிர அறுக்க மாட்டீங்குது."

"உட்டுட்டுப் போங்க, பார்த்துடலாம்" என்றார் இவர், தானே பார்க்கப் போகிறவர் மாதிரி.

பார்த்தது நான். சாதாரணச் செயினின் பல்லுக்குள் விரலை வைத்தால் கரண்டிக்குள் தடவுகிற மாதிரி குழிவாக இருக்கும். அதற்கு உருண்டை அரம் போதும். உள்ளேயிருந்து வெளியே தள்ளினால் பல் கூராகிவிடும், கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். இந்தச் செயினில் செல்லப்பனின் ஆட்கள் கை வைக்காத பற்கள் இரண்டு மூன்று மிச்சமிருந்தன. அவற்றுக்குள் குழிவே இல்லை. பெட்டியின் உள்மூலை மாதிரி இரண்டு தட்டையான பக்கங்கள் ஒரு மூலையில் சேர்ந்தன. அந்த மூலைதான் மரத்தை முதலில் கீறுகிறது. இவர்கள் உருண்டை அரத்தைப் போட்டு அந்த மூலையை உருட்டிவிட்டிருந்தார்கள். ராசி என்ன செய்யும் பாவம்!

உருண்டை அரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, கைரம்பத்துக்குப் போடும் முக்கோண அரத்தை எடுத்தேன். அதன் விளிம்பு பல்லின் மூலைக்குள் சரியாக உட்கார வேண்டும். கொஞ்சம் மேலே ஏறினால் பல்லுக்கு மூக்கு முளைக்கிறது. கீழே இறங்கினால் மேல்தகடு மெலிந்து மடங்குகிறது. கடையில் கிடந்த வேறொரு பழைய செயினை வைத்துப் பழகிப் பழகி அதன் பற்களை நாசமாக்கினேன். வழக்கம்போல உள்ளேயிருந்து வெளியே தள்ளியபோதெல்லாம் அரம் மூலையைவிட்டு நழுவிக்கொண்டே இருந்தது. ஆத்திரத்தில் ஒரு நாள் அரத்தை வீசிவிட்டுச் சமைக்கப் போய், ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அதையும் இவர் வாய் திறக்காமல் குடித்தார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

மறுநாள் திருப்பிப் போட்டேன். வெளியேயிருந்து உள்ளே, கூரான விளிம்பை எதிர்த்து, அரத்தைச் சாய்த்து மேலிருந்து கீழாகத் தள்ளினேன். எந்த ஆயுதத்துக்கும் யாரும் அப்படிப் போட மாட்டார்கள். ஆனால் அரம் மூலைக்குள் போய் உட்கார்ந்தது, நகர மாட்டேன் என்றது. ஒரே தள்ளலில் மேல்தகடும் பக்கத்தகடும் சேர்ந்து பளிச்சென்று வந்தன. "பிஸ்மில்லா, வாடி வழிக்கு" என்று வாய்விட்டே சொன்னேன். அதற்கப்புறம் கை தானாகப் பிடித்துக்கொண்டது. இடதுபக்கப் பற்கள் சொன்ன பேச்சுக் கேட்டன, வலதுபக்கம்தான் முரண்டு பிடித்தது. அதற்கும் என் முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். ஒரு வாரத்தில் அந்த வேலையில் என்னை மிஞ்சின ஆள் இந்த மலையில் கிடையாது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

செயின் போய் இரண்டு நாளில் செல்லப்பன் ஓடிவந்தார்.

"பாய்! தூளே இல்லீங்க, அவலு அவலாக் கொட்டுது! சாயங்காலம் வரைக்கும் அறுக்கறதை மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டோமுங்க."

இவர் தாடியைத் தடவினார். பின்கட்டில் நான் அரத்தை மேஜையில் டங்கென்று போட்டேன். இவர் காதில் விழுந்தது, திரும்பவில்லை.

ஆனால் அந்தப் பல்லுக்கு ஒரு குணம் உண்டு. அறுக்கும்போது சூரன், அழுக்குப் பட்டால் அழுதுவிடும். பட்டையில் கரையான் மண் இருந்தால் சீக்கிரமே மழுங்கிப் போகும். செல்லப்பன் தினமும் ஆள் அனுப்பிச் சலித்துப்போய் ஒரு நாள் சொன்னார்: "மழை வர்றாப்புல மானம் கூடிக்கிட்டு வருதுங்க பாய். நாளைக்கு ஜீப்பு வரும். நீங்களே காட்டுக்கு வந்து உக்காந்து அப்பப்போ அரம் போட்டுக் குடுத்துடுங்க."

இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் போன பிறகு பின்கட்டுக்கு வந்து நின்றார்.

"நீயும் வா. சாப்பாடு கொண்டாந்த மாதிரி இரு. ஜீப்புக்குப் பின்னாடி உக்காந்து போட்டுக் குடுத்துடு, யாரும் பார்க்க மாட்டாங்க."

"ஏனுங்க, நான் என்ன களவாணியா, ஜீப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்கார? வர்றேன். எல்லாரும் பார்க்க உக்காந்துதான் அரம் போடுவேன்."

"அப்ப நானே போட்டுக்கறேன். எத்தனை தடவை பார்த்திருக்கேன்!"

"வேடிக்கை பார்த்தவனெல்லாம் வித்தைக்காரன் ஆக முடியாதுங்க" என்றேன். ஆனாலும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். நடக்கப் போவதைப் பார்க்க வேண்டாமா?

காட்டில் முதல் மரத்துக்கு முன்னால் செல்லப்பன் மிஷினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "யூசுப் பாய் தீட்டினது!" ஆட்கள் அத்தனை பேரும், "யூசுப் பாய் தீட்டினது!" என்று திருப்பிக் கத்தினார்கள். பள்ளத்திலிருந்து அந்தப் பேர் திரும்பி வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க வழக்கமுங்க பாயம்மா" என்றார் செல்லப்பன். "ஆயுதம் தீட்டினவங்க பேரைச் சொல்லித்தான் மரத்துல வெக்கோணும். மரம் விழறதுக்குத் தீட்டினவங்களும் ஒரு கை குடுக்கறாங்கல்ல. பேரை மாத்திச் சொன்னா மரம் ஆள் மேல திரும்பிடுமுங்க."

இத்தனை நாளும், ஒவ்வொரு மரத்துக்கும், நான் தீட்டிய செயினை வைத்துக்கொண்டு இந்த மலை முழுக்க இவர் பேரைக் கூவியிருக்கிறார்கள்! கண்ணில் தண்ணீர் வந்தது. துக்கத்தில் இல்லை, கோபத்தில். இவரைப் பார்த்தேன். இவர் கீழே விழுந்துகிடந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மரம் ஒழுங்காக விழுந்தது, அது நான் முந்தின நாள் போட்ட கூர். அப்புறம் இவர் அந்த மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்து அரத்தை எடுத்தார். சுற்றிலும் ஆட்கள். பழைய பழக்கத்தில் உள்ளேயிருந்து வெளியே தள்ளினார்.

"ஏனுங்க, வெளியிலிருந்து உள்ளே" என்றேன் மெதுவாக.

"தெரியும், தெரியும்" என்றார். ஒரு பக்கத்துப் பற்கள் முழுக்க அப்படியே இழுத்தார். அதற்குள் மேகம் கறுத்துவிட்டது. "போதுங்க பாய், மத்த பக்கம் நல்லாத்தான் இருக்குது" என்று செல்லப்பன் மிஷினை வாங்கிக்கொண்டார்.

அடுத்தது பெரிய மரம். அதற்குச் சரிவாகக் கீழே, காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கும் பல்பர் கொட்டகை இருந்தது. உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மரத்தை எதிர்ப்பக்கம், செடி இல்லாத சந்தில் சாய்க்க வேண்டும். பேரைக் கத்தினார்கள். சாய்க்கிற பக்கம் வாய் திறந்த மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டு, பின்னாலிருந்து அறுக்க ஆரம்பித்தார் செல்லப்பன். பாதிகூடப் போகவில்லை, அவல் நின்று மாவு கொட்டியது. ஒரு பக்கம் கூரும் ஒரு பக்கம் மொட்டையும் இருந்தால் ரம்பம் நேராகப் போகுமா? வெட்டு வளைந்துகொண்டே போய் மிஷின் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. ஆப்படித்து அதை வெளியே எடுப்பதற்குள் காற்று கிளம்பிவிட்டது. மரம் நிற்கவும் இல்லை, விழவும் இல்லை. உச்சி ஆட ஆட, உள்ளே படக் படக்கென்று நார் தெறித்தது. எல்லோரும் தள்ளிப் போய்விட்டோம்.

"பாய், செயினு என்னாச்சுங்க?" என்றார் செல்லப்பன். அந்த மரத்தடிக்கு மறுபடியும் போக வேண்டியது அவர்தானே.

இவர் கையிலிருந்த அரத்தை நான் பிடுங்கினேன். மிஷினை முதல் மரத்தின் அடிக்கட்டையில் வைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பிஸ்மில்லா சொல்லி, வெளியேயிருந்து உள்ளே, ஒவ்வொரு பல்லாக. உருட்டிவிட்ட மூலையைத் திரும்ப எடுப்பது புதிதாகப் போடுவதைவிடச் சிரமம். காற்று அடிக்கிறது, மரம் முனகுகிறது, ஆனால் என் கண்ணுக்கு அந்த மூலை மட்டும்தான் தெரிந்தது. இதைச் செய்யத் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மிஷினை நீட்டினேன். செல்லப்பன் வாங்கினார். பேரைக் கத்த வாயைத் திறந்து, நிறுத்திவிட்டார்.

"பாய், பொய் சொல்லாதீங்க. அந்த மரத்தடிக்குப் போறது நானு. இந்தச் செயினை இத்தனை நாளா தீட்டினது யாருங்க?"

இவர் என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்திருந்தால் இவருக்கு வேலை சுலபமாகியிருக்கும். திறக்கவில்லை. இது இவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், இல்லாவிட்டால் வரவே வேண்டாம்.

"இவதானுங்க" என்றார். மறுபடியும், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எல்லாச் செயினும் இவ தீட்டினது. இந்த ஒரு பக்கத்தைக் கெடுத்தது மட்டும் நானு. எனக்கு அரம் பிடிக்கத் தெரியாதுங்க."

ஆட்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப இத்தனை மரத்துக்கும் பேரை மாத்தியா சொன்னோம்?" என்றான் ஒருவன். செல்லப்பன் அவனை அடக்கிவிட்டு மரத்தைப் பார்த்தார், கையிலிருந்த செயினைப் பார்த்தார், கட்டை விரலால் ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்தார். மிஷினைத் தூக்கினார்.

"பாயம்மா தீட்..."

"பாயம்மா இல்லீங்க" என்றேன். "எனக்குப் பேரு இருக்குது. ஜரீனா."

அடுத்தவர் வீட்டுப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூவுவதா என்று அவர் தயங்கி இவர் பக்கம் திரும்பினார்.

"அவரை எதுக்குப் பார்க்கறீங்க? அரம் என்னோட கையில இருக்குது."

"ஜரீனாக்கா தீட்டினது!" என்று செல்லப்பன் கத்தினார். ஆட்களும் கத்தினார்கள், பயத்தில் கொஞ்சம் முன்னே பின்னே. அவர் மரத்தடிக்குப் போனார். மிஷின் உறுமியது. வளைந்த வெட்டுக்கு மேலே ரம்பத்தைப் புதிதாக வைத்தார். அவல் பறந்து அவர் முழங்கால்வரை மூடியது. மரம் ஒரு தடவை கொட்டகைப் பக்கம் ஆடியது, அப்புறம் மெல்லத் திரும்பி, சொன்ன சந்தில், சொன்ன மாதிரி போய்ப் படுத்தது. செல்லப்பன் எழுந்து நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கவில்லை.

மழை வருவதற்குள் இன்னொரு மரம் எடுத்துவிடலாம் என்றார்கள். செயினை ஒரு தடவை பார்த்துக் கொடுத்தேன். இவர் எனக்குப் பின்னால் எங்கேயோ நின்றிருந்தார், நான் திரும்பிப் பார்க்கவில்லை. செல்லப்பன் மிஷினைத் தூக்கிப் பிடித்துப் பேரைச் சொன்னார். ஆட்கள் திருப்பிச் சொன்னார்கள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தனியாக, தொண்டை கிழிய வந்தது:

"ஜரீனா தீட்டினது!"