இரண்டு சுருக்கு

தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோன ஆர்டித் குடிக்காமலே கீழே வைத்தாள். கப்பலின் மதுக்கூடச் சுவரில் பழைய மிதவைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழாவதாகத் தொங்கியது ஆரஞ்சு நிறம். நடுவில் வெள்ளைப் பட்டை, பட்டையின் மேல் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. குளிர்காலம் முழுக்க வீட்டுக் கொட்டகையில் அடுப்போரம் உட்கார்ந்து, வருஷத்துக்கு நானூறு என்று அவள் கையாலேயே பூசிய நிறங்கள் அவை. முதலில் அப்பாவுக்காக. அப்பா போன பிறகு அண்ணன் வெண்டலுக்காக. அந்தக் கரையில் சிங்கி இறால் பிடிக்கிற ஒவ்வொருவனுக்கும் தனி நிறம் உண்டு. கயிறு கட்டிக் கடலுக்கடியில் இறக்கிய கூண்டு யாருடையது என்று கயிற்றின் மேல்முனையில் மிதக்கும் நிறம்தான் சொல்லும்.

வெளியே மழை. அதனால் மேல்தளத்தில் நடக்கவேண்டிய சொற்பொழிவை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். பல பைகள் வைத்த சட்டை போட்ட ஒருவர், கிளாஸ்டர் துறைமுகம் எத்தனை மாலுமிகளைக் கடலுக்குக் கொடுத்தது, போர்ட்லண்ட் நகரம் எத்தனை முறை எரிந்து எழுந்தது என்று சொல்லிவிட்டு, இப்போது சிங்கி இறாலை எப்படி அளப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை முந்தைய நிமிஷம்வரை ரசித்துக்கொண்டிருந்தவள்தான் ஆர்டித்.

இந்தப் பயணமே வெண்டலின் பிள்ளைகள் செய்த கூத்து. முழங்கால் போய், வசந்தத்தில் படகை விற்றுவிட்டான் வெண்டல். எழுபத்தோரு வயதுவரை கடலிலேயே கிடந்தவனுக்கு, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கடலையே பரிசாகக் கொடுத்தார்கள். பாஸ்டனில் ஏறி, பழைய துறைமுகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு பார் ஹார்பரில் இறங்க ஏழு நாள். அவன் மனைவிக்குப் படகென்றாலே குமட்டும். ஆகவே தங்கை. அறுபத்தாறு வயதில், தனியாக இருப்பவள், எங்கே கூப்பிட்டாலும் வருவாள் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் எழுந்து சுவரருகே போனாள். மிதவையின் இடுப்பில் சூட்டுக்கோலால் சுட்ட உரிம எண். அண்ணனுடைய எண்ணேதான். அதன் கீழே ஒரு சின்னப் பித்தளைத் தகடு: டென்னட் தீவின் உள்புறம், மூடுபனி, ஜூலை 17, 1992.

அந்தத் தேதியை அவள் இரண்டு முறை படித்தாள்.

மதுக்கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டாள். அவளோ சந்தோஷமாகவே சொன்னாள். இந்தக் கப்பலின் முதல் கேப்டனுக்கு இது ஒரு பொழுதுபோக்காம். கப்பலின் அடியில் அதை உந்தும் சுழலியில் மாட்டிக்கொண்டு வருகிற மிதவைகளில் அழகானதாக ஒன்றை எடுத்துத் தேதி போட்டு மாட்டிவிடுவாராம். அந்த ஆரஞ்சு மிதவை வந்த அன்று, பயணிகளுக்குக் கலங்கரை விளக்கத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன் என்று பனியில் தீவின் உள்புறக் கடலுக்குள்ளே புகுந்துவிட்டாராம். பிறகு சுழலியிலிருந்து கூடை கூடையாகக் கயிறு வெளியே வந்ததாம். பழைய இஞ்சினியர் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம்.

ஆர்டித் மிதவையில் தொங்கிய கயிற்றின் நுனியைத் தடவிப் பார்த்தாள். கத்தி பட்ட கயிறு வழுவழுப்பாக, ஒரே நேராக இருக்கும். இது பிய்ந்து, திரிந்து, சூட்டில் உருகிக் கட்டிபட்டுக் கிடந்தது. இதைப் படிக்கத் தெரியாத குழந்தைகூட அவர்கள் ஊரில் இல்லை.

அந்த ஜூலையில் அவளுடைய கணவனாக இருந்தவன் கார்ல்டன். டென்னட் தீவுக்கு உள்புறம் இருக்கும் பாறைத்திட்டு அவனுடைய அப்பன் காலத்திலிருந்து அவர்கள் பிடிக்கும் இடம். காகிதத்தில் எழுதிய உரிமை இல்லை. ஊருக்கே தெரிந்த உரிமை. வெண்டல் மெல்ல மெல்லத் தன் கூண்டுகளை அந்தத் திட்டுக்குள் நகர்த்தினான். கார்ல்டன் ஊர் வழக்கப்படி செய்தான். வெண்டலின் மிதவைகள் நாலைந்தின் கழுத்தில் கயிற்றால் இரண்டு சுருக்குப் போட்டுவிட்டு வந்தான். வாயால் பேசவேண்டாம், சண்டை வேண்டாம். இரண்டு சுருக்கைப் பார்த்தால் எதிராளிக்குப் புரியும்: நீ என் இடத்தில் இருக்கிறாய், விலகிப்போ. விலகாதவனுக்கு அடுத்து வருவது கத்தி.

சுருக்குப் போட்ட ஐந்தாம் நாள், அதே ஜூலை 17, பனி விலகியபோது, வெண்டலின் முப்பத்தொரு கூண்டுகளைக் காணவில்லை.

யார் செய்தது என்று யாரும் கேட்கவே இல்லை. சுருக்குப் போட்டவன் அறுத்தான், அவ்வளவுதான். நான் சுருக்குத்தான் போட்டேன், கத்தி வைக்கவில்லை என்று கார்ல்டன் துறைமேடையில் நின்று ஒருமுறை சொன்னான். இரண்டாம் முறை சொல்கிற வழக்கம் அவனுக்கு இல்லை. வாரத்துக்குள் அவன் கூண்டுகள் மொத்தமும் போயிற்று. வெண்டலோடு பன்னிரண்டு பேர் சேர்ந்து அறுத்தார்கள். அவனுக்கு இரை விற்க ஆளில்லை. அவன் பிடித்ததை வாங்க ஆளில்லை. வீட்டிலாவது ஒருத்தி இருந்தாளா? ஒன்பது வருஷம் கூட வாழ்ந்த ஆர்டித், அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேள், எல்லாம் சரியாகிவிடும் என்றாள். கார்ல்டன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். இலை உதிரும் முன்னே படகை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆர்டித் மிதவையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். மதுக்கூடத்துப் பெண் பதறிக்கொண்டு ஓடிவந்தாள், அது கப்பல் சொத்து என்றாள்.

"எண்ணப் பாத்தியா? இது எங்கண்ணனோட எண்ணு. அடுத்தவன் மிதவைய வச்சிருந்தா எங்க ஊர்ல ஜெயில்ல போடுவாங்க. உங்க கேப்டன் முப்பது வருஷமா மாட்டி அழகு பாத்திருக்கான். போலீசக் கூப்பிடறியா, இல்ல நான் கூப்பிடவா?"

அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டாள்.

வெண்டல் தன் அறையில் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, கரையோரம் போகிற படகுகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். ஆர்டித் மிதவையை அவன் மடியில் போட்டாள். அவன் நிறத்தைப் பார்த்தான், எண்ணைப் பார்த்தான். பிறகு கயிற்று நுனியை எடுத்துப் பார்ப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் பார்க்கவில்லை. எங்கே கிடைத்தது என்றுமட்டும் கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தேதி, பனி, கேப்டன், கூடை கூடையாகக் கயிறு. அவன் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தான். அவனுக்கு ஆச்சரியமே இல்லை என்பது அவளுக்கு மெதுவாக உறைத்தது. 

"உனக்குத் தெரியும்."

வெண்டல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"வெண்டல், எப்பத்துலேந்து தெரியும்?"

"அடுத்த வசந்தம். ஒரு கூண்டு தூக்கறப்ப காணாமப் போன பழைய கூண்டு ஒண்ணு சிக்கி மேல வந்துச்சு. கயிறு பிஞ்சு போயிருந்துச்சு."

"யார்கிட்ட சொன்ன?"

"என்னத்தச் சொல்றது ஆர்டி? அவன் போயிட்டான். படக வித்துட்டான். பன்னெண்டு பேரு என் பேச்ச நம்பி அவன் கயித்த அறுத்திருக்காங்க. அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

பன்னிரண்டு பேர் முகத்தில் முழிக்கக் கூச்சம். தங்கை முகத்தில் முப்பது வருஷம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், வான்கோழியை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டே முழிக்க எந்தக் கூச்சமும் இல்லை. அந்தப் பாறைத்திட்டில் அடுத்த வருஷமே கூண்டு இறக்கினானே, அப்போதும் கூச்சமில்லை. இன்று அங்கே அவன் மகன் பிடிக்கிறான். அந்தத் திட்டுப் பணத்தில்தான் இந்தக் கப்பல் சீட்டும் வந்தது. அதில் ஐந்து நாளாக அவள் மூன்று வேளையும் உட்கார்ந்து தின்றிருக்கிறாள். 

இந்தச் சனிக்கிழமை, தேவாலயத்தில் ஊரே கூடுகிற பீன்ஸ் விருந்தில், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லவேண்டும் என்றாள். நாளைக் காலையில் கப்பல் ராக்லண்டில் நிற்கும்போது அவளோடு இறங்கிவந்து, அங்கே குடியிருக்கும் கார்ல்டனிடம் முதலில் சொல்லவேண்டும் என்றாள்.  வெண்டல் கால் வலிக்கிறது என்றான். அந்தப் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் செத்துப்போய்விட்டார்கள் என்றான். கடைசியில் உண்மையைச் சொன்னான்.

"நான் வாயத் தொறந்தா, நாளைக்கே எவனாவது என் மகன் மிதவையில சுருக்குப் போடுவான். அவனுக்கு மூணு புள்ளைங்க. விட்டுத் தொல. அந்தக் கார்ல்டன் கிழவனுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

மறுநாள் காலை ஆர்டித் தனியாக இறங்கினாள். ஒரு கையில் கைப்பை, மறு கையில் மிதவை. சகபயணிகள் அவளைப் பார்த்து, நல்ல நினைவுப்பொருள், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். அவள் நடையை எட்டிப் போட்டாள். மேட்டுத் தெருவில் பச்சைக் கூரை போட்ட வீடு அவளுக்குத் தெரியும். இரண்டு முறை காரில் அதைத் தாண்டிப் போயிருக்கிறாள், நிறுத்தாமல்.

கார்ல்டன் வீட்டின் பின்னால் கொட்டகையில் யாருடைய படகு இஞ்சினையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். முடி முழுக்க வெளுத்திருந்தது. முதுகு மட்டும் அப்படியே நேராக இருந்தது. அவளைப் பார்த்து, கையைத் துணியில் துடைத்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.  ஆர்டித் மிதவையை இஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து, கயிற்று நுனியை அவன் பக்கம் திருப்பினாள். கப்பலையும் தேதியையும் சொன்னாள். நீ அறுக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது என்றாள்.  ஒரு நல்ல சேதியைக் கொண்டுவந்தவள் மாதிரி ஒரு நிமிஷம் தோன்றியது.

கார்ல்டன் கயிற்றைத் தொடவில்லை.

"இத நான் அன்னைக்கே உங்கிட்டச் சொன்னேன்," என்றான். "நம்ம சமையலறையில. நீ அடுப்புகிட்ட நின்னுக்கிட்டிருந்த."

"ஆமா."

"கயிறு வந்து சொன்னாத்தான் நம்புவ, இல்ல?"

 வெண்டலுக்கு அடுத்த வசந்தத்திலேயே தெரியும் என்பதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கார்ல்டன் ஒரு திருகாணியை எடுத்து, எண்ணெயில் நனைத்து, மறுபடி கீழே வைத்தான்.

"அந்த வசந்தத்துல நான் பாத் ஊர்ல வெல்டிங் வேல பாத்துக்கிட்டிருந்தேன். கார்ல ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான் தூரம்."

பிறகு மிதவையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். இது அவனுடைய நிறம், அவனிடம் கொடு, என்னிடம் எதற்கு என்றான். தெருமுனைவரை கூட வந்தான். அங்கே நின்று, மழை வராது என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

இறக்கத்தில் நடக்கும்போது ஆர்டித்துக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அடுப்பருகே நின்ற அந்த முப்பத்தைந்து வயதுக்காரியைப் பிடித்து உலுக்கவேண்டும்போல இருந்தது. துறைமேடையில் படகுச் சாமான் விற்கிற கடையில் ஓர் ஆள் நீளத்துக்கு மெல்லிய கயிறு வாங்கினாள். எதற்கு என்று கடைக்காரன் கேட்டதற்கு, அண்ணனுக்கு என்றாள்.

கப்பல் மதியம் கிளம்பியது. வெண்டலின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தொலைக்காட்சியில் யாரோ வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டித் வெளியே நடைவழியில் நின்று, மிதவையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அதன் கழுத்தில் கயிற்றைச் சுற்றினாள். ஒரு சுருக்கு. இறுக்கினாள். இன்னொரு சுருக்கு. கைக்கு ஒன்றும் மறந்துபோகவில்லை. மிச்சக் கயிற்றால் மிதவையைக் கதவுப்பிடியில் கட்டிவிட்டு விலகி நின்றாள். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அன்று விருந்தில் அவனோ அவளோ, யாராவது ஒருத்தர் எழுந்து நிற்கத்தான் போகிறார்கள்.

துறைமுகத்தின் தடுப்புச் சுவரைத் தாண்டியதும் கப்பல் ஆட ஆரம்பித்தது. மிதவையும் ஆடியது. ஆடி ஆடிக் கதவில் முட்டியது.

"யாரு?" என்றான் வெண்டல் உள்ளேயிருந்து.

 மிதவை மறுபடி தட்டியது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. ஊன்றுகோல் தரையில் பட்டு, கதவை நோக்கி வருகிற ஓசை கேட்டது.