மனம் நோகாத ஆடு

இந்தத் தீபாவளிக்கு வெட்டப்படும் ஆட்டின் மனம் நோகக்கூடாது என்று கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடி ஒன்றில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆட்டின் கருத்து கேட்கப்படவில்லை.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நாகேந்திரம். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், கட்டடத்தின் சொந்தக்காரர். மெல்பேணிலிருந்து மகள் சாம்பவி அனுப்பிய, பண்ணை ஆடுகள் படும் பாட்டைக் காட்டும் வீடியோவைப் பார்த்த நாள்முதல் அவருக்குக் கருணை பெருகிவிட்டது. ஆட்டைக் கயிற்றில் கட்டக்கூடாது, காற்றோட்டமான கொட்டிலில் அது படுக்க வேண்டும். அப்படி வளர்க்கும் பண்ணை ஒன்றைச் சிலாபம் பக்கம் தேடிப் பிடித்து, காரில் போய் ஆட்டோடு நின்று படமும் எடுத்துக்கொண்டு வந்தார். தீபாவளி மத்தியானம் சாப்பிட முன்னர் அந்த ஆட்டுக்காக மேல்மாடியில் ஒரு நிமிட மௌனம் என்றும், கடை இறைச்சி கட்டடத்துக்குள் வரவே கூடாது என்றும் கூட்டத்தில் முடிவானது.

வருடாவருடம் எல்லா வீடும் சேர்ந்து ஒரு ஆடு வாங்கிப் பங்கு போடுவது வழக்கம். கீழே, தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத அறையில் வாடகைக்கு இருக்கும் இரத்தினம்மாவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

“அண்ணை, இந்தமுறை எனக்குக் கட்டாயம் வேணும். மகள் உஷாந்தியும் புருசனும் வருகினம். கலியாணத்துக்குப் பிறகு மருமகன் என்ரை கையாலை சாப்பிடப்போறது இதுதான் முதல் தரம். பங்கு ஆடு எண்டு சொல்லியும் போட்டன்.”

நாகேந்திரம் பரிவோடு தலையை ஆட்டினார். “இரத்தினம்மா, கனபேருக்குப் பங்கெண்டால் ஆட்டைக் கொழுக்க வைக்கவேணும். அது அந்தச் சீவனுக்குச் செய்யிற கொடுமை. அதாலை சின்ன ஆடுதான் பாத்திருக்கிறம். உம்மடை பங்கைக் குறைச்சிட்டம்.”

“குறைச்சதெண்டால்?”

“எடுத்திட்டம்.”

“அப்ப சந்தியிலை இப்திகாரின்ரை இறைச்சிக்கடையிலை கொஞ்சம்…”

“கூட்டத்திலை கை உயர்த்தினீர் எல்லே?”

உயர்த்தியிருந்தார். வீட்டுக்காரர் கை உயர்த்தினால் வாடகைக்கு இருப்பவரின் கை தானாக உயரும்.

தீபாவளியன்று இரத்தினம்மா இறைச்சிக்குப் பதிலாகச் சோயாமீற்றைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்து, இறைச்சிக் கறிக்குப் போடும் வறுத்த தூளில் பிரட்டிச் சமைத்தார். கறிவேப்பிலையும் றம்பை இலையும் மணத்தன. மருமகன் மிதுஷன் ஒரு துண்டை வாயில் போட்டார்.

“இறைச்சி பஞ்சு மாதிரி இருக்கு மாமி.”

“பிஞ்சு ஆடு தம்பி.”

உஷாந்தி தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

மணம் மேலே போயிருக்க வேண்டும். பட்டுச் சால்வையோடு நாகேந்திரம் வாசலில் நின்றார்.

“இரத்தினம்மா, இது எந்த ஆடு?”

பதிலுக்கு நிற்காமல் அவரே உள்ளே வந்து, சட்டி மூடியைத் திறந்து, கரண்டியால் கிண்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட, சோயாமீற்! நான் என்னவோ எண்டு பயந்திட்டன். பாத்தீரே தம்பி, உம்மடை மாமியைப் போல எல்லாரும் இருந்தால் ஒரு ஆட்டுக்கும் துன்பமில்லை.”

மிதுஷனின் தோளில் தட்டிவிட்டு மேலே போனார்.

தட்டில் மிதுஷனின் கை அப்படியே நின்றது. பிறகு இன்னொரு துண்டை எடுத்து மெதுவாகச் சப்பினார். அதைவிட அவர் எழும்பிக் கையைக் கழுவியிருக்கலாம் என்று இரத்தினம்மாவுக்குத் தோன்றியது.

மேல்மாடியில் பாட்டு, சிரிப்பு, கரண்டிச் சத்தம் எல்லாம் திடீரென்று நின்றன.

“என்ன மாமி, ஆரும் செத்திட்டினமோ?”

“ஓம் தம்பி. ஒரு ஆடு.” இன்னும் கொஞ்சம் சோயாவை அள்ளி அவருடைய தட்டில் போட்டார். “நல்ல காத்தோட்டமான இடத்திலை இருந்ததாம்.”